பட்டையில் யார் எங்கே உட்காருவது

அன்புள்ள எர்மெக் அண்ணனுக்கு,

தங்கை ஜிபார்குல் எழுதுவது. நானும் அம்மாவும் பசுவும் நலம்; மூவரில் சதை பிடித்திருப்பது பசு மட்டும். மாஸ்கோவில் உன் அறை ஒழுகாமலும், மேஸ்திரி சம்பளத்தை இழுத்தடிக்காமலும் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நான் வேலையை விடப்போகிறேன். நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லித்தான் ஊராட்சி அலுவலகத்தில் என்னைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதற்காக நீ சிமெண்டு சுமந்தாய். எனவே காரணத்தை உனக்கு விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

கோடையில், உரிமக் கட்டணம் கட்ட வழியில்லை, கணினிகளை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. கணினி படித்தவள் நான் ஒருத்திதான். "இதை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் குடும்மா, நிரந்தர வேலை உனக்குத்தான்" என்றார் தலைவர் அசான்குல். முடித்தேன். திரையின் அடியில் ஒரு பட்டை ஓடும், அதில் வரிசையாக ஐகான்கள். ஒன்றைத் தட்டினால் கணக்கு திறக்கும், ஒன்றைத் தட்டினால் நிலப்பதிவு, ஒன்றைத் தட்டினால் கால்நடைப் பதிவு. அதிகம் பயன்படுவது முதலில் இருக்கட்டும் என்று, படித்த புத்தியோடு, கணக்கை இடது ஓரத்தில் வைத்தேன். கணக்குப் பிரிவு புருல்கான் அக்கா பார்த்துவிட்டு அழுதுவிட்டார். "ஆடு அறுத்த எந்த வீட்டுலயும் வாசலுக்கு எதிர்க்கோடியில, பெரியவங்க உட்கார்ற தோருலதான் என்னை உட்கார வச்சிருக்காங்க. நீ வாசப்பக்கம் தள்ளிட்டியேடி. என் வயசென்ன, அந்த மாட்டுக் கணக்கு எழுதுறவன் வயசென்ன?" இடது ஓரத்தில் மெனு பொத்தான் இருக்கிறதாம், எல்லோரும் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறார்களாம், ஆகவே அதுதான் வாசலாம். சரி என்று வலது ஓரத்துக்கு மாற்றினேன். நிலப்பதிவு ஓரோஸ்பாய் பெரியவர், கணினியை அணைக்கும் பொத்தான் அங்கேதான் இருக்கிறது என்று அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "எல்லாரும் வெளிய போற வழியில உன்னைக் குந்த வச்சிருக்கா, போய் மிதிபடு." அக்கா மறுபடியும் அழுதார்.

பட்டையைத் திரையின் பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தினேன். மேலே இருப்பதுதான் தோர், அதில் யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தேன். சந்தேகம் வரவில்லை, சண்டை வந்தது. ஓரோஸ்பாய் பெரியவர் வயதைக் காட்ட அடையாள அட்டையை எடுத்து வந்தார். என் அட்டையில தேதி தப்பு, எங்கம்மா சொன்ன தேதிதான் சரி, அதுப்படி நான்தான் மூத்தவ என்றார் அக்கா. இதற்கிடையில் கணக்கும் எழுதவில்லை, நிலமும் பதியவில்லை.

கடைசியில் ஒவ்வொருவரும் தன் பெயரில் தனியாக நுழையும்படி செய்து, அவரவர் திரையில் அவரவர் ஐகானையே உச்சியில் வைத்தேன். அமைதி வந்தது. அக்கா வீட்டிலிருந்து வெண்ணெய்கூடக் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம்தான் தலைவர் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஒரு வீட்டுக்கு எத்தனை தோர் இருக்கும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா, இதுல நான் எங்க?" என்றார். ஐயா, நீங்கள் கணினியைத் தொட்டதே இல்லை, உங்களுக்கென்று திறக்க எதுவுமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, என்னைத்தான் உனக்குத் தெரியுமே. அன்றைக்கே எல்லாத் திரைகளிலும் உச்சியில் அவர் பெயரில் ஓர் ஐகான் வைத்தேன், கல்பாக் தொப்பிப் படம் போட்டு. தட்டினால் ஒன்றும் திறக்காது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "அது எல்லாருக்கும் திறக்காதுங்க" என்றார் தலைவர். அதிகாரி மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் பலன், நிரந்தர வேலை தலைவருடைய மச்சானின் மகன் தாலாய்க்குப் போய்விட்டது. வந்த அன்றே எதையோ அழுத்திப் பட்டையை அடியோடு நீக்கிவிட்டு, திரை உடைந்துவிட்டது என்று என்னிடம் வந்து நின்றான். திரும்ப மாட்டிக் கொடுத்தவள் நான். தலைவரிடம் காரணம் கேட்டேன், மெதுவாகத்தான் கேட்டேன். "நீ கெட்டிக்காரிதாம்மா. ஆனா நாளைக்கே கல்யாணமாகிப் போயிடுவ. அவன் இங்கயே கெடப்பான்." அவன் கிடப்பான் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்காக அலுவலகத்தில் ஆடு அறுக்கிறார்கள். வாசல்பக்கம் உட்கார்ந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றப்போவது நான்தான். ஊற்றி முடித்ததும் ராஜினாமாவைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். அங்கே எனக்கு ஏதாவது வேலை பார், தையல் கூடமானாலும் சரி. அம்மாவிடம் மூச்சு விடாதே.

உன் பாதை வெள்ளையாக, தடங்கல் இல்லாமல் இருக்கட்டும். கழுத்தில் துணி சுற்றாமல் வேலைக்குப் போகாதே.

உன் தங்கை,
ஜிபார்குல்

பின்குறிப்பு: கடிதத்தை அனுப்புவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தேநீர் ஊற்றத் தாலாயின் மனைவியை உட்கார வைத்துவிட்டார்கள். "படிச்ச பொண்ணு, மேல வாம்மா" என்று தலைவர் எனக்குத் தாலாயைவிட மேலே, புருல்கான் அக்காவுக்கு அடுத்த இடத்தைக் காட்டினார். எனக்கு வந்த கறித்துண்டு அவனுடையதைவிட நல்ல துண்டு. நான் பலமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ராஜினாமா பையிலேயே இருந்தது. கை கழுவியதும், இன்னும் ஓராண்டு தற்காலிகமாக இருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே அங்கே எதுவும் தேட வேண்டாம். நான் எங்கே உட்கார்ந்தேன் என்பதை அம்மாவுக்கு நீயே போன் செய்து சொல். நான் சொன்னால் பெருமையடிப்பதுபோல் இருக்கும்.