டேஞ்சர் சாரின் பழுப்புப் புழு

இந்த உலகத்தில் பயப்படுவதற்கு இருக்கிற அத்தனை விஷயங்களுக்கும் ஒரே ஆளாகப் பொறுப்பெடுத்துக்கொண்டு பயந்தவர் எங்கள் டேஞ்சர் சார்தான். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் மூன்று போர்ஷன். முதலாவதில் நான்; பீங்கான் பொம்மைகளுக்குச் சாயம் கலக்குகிற வேலை. நடுவில் சூளையில் வேலை பார்த்த அந்தோணி அண்ணனும் அவர் மனைவி மேரி அக்காவும். கடைசியில், தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்திய டேஞ்சர் சார். அவருடைய நிஜப் பெயர் வீட்டுக்காரருக்கே மறந்துபோயிருந்தது.

பூட்டைத் திறந்ததும் தன் அறைக் கதவைத் தானே தட்டுவார். உள்ளே பாம்பு இருந்தால் கிளம்பிப் போக அவகாசம் தர வேண்டுமாம். கேஸ் சிலிண்டர் மாற்றிய அன்று சாப்பாடு ஹோட்டலில்தான். மூன்று சக்கரத்தை நம்ப முடியாது என்று ஆட்டோவில் ஏறவே மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் கடலூரிலிருந்து மூடி போட்ட வாளியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கம்பெனியில் கழித்துப்போட்ட வாஷ்பேசின் ஒன்றைப் பொதுக் குழாயடி நிழலில் வைத்தார். அடி ஓட்டையை அடைத்து, கடல் தண்ணீரை ஊற்றி, இரண்டு புழுக்களை அதில் விட்டார்.

இரண்டும் காகிதம் போலத் தட்டை. ஒன்று கத்தரிப்பூ நிறம், ஓரமெல்லாம் ஆரஞ்சுக் கரை. பட்டுப்புடவை முந்தானை மட்டும் தனியாகக் கிளம்பி நீந்துவது போலிருந்தது. இன்னொன்று ஊறிய டீத்தூள் நிறத்தில் சப்பென்று கிடந்தது.

"இதுக்கு இதயமும் கெடையாது, நுரையீரலும் கெடையாது. தோலாலயே மூச்சு விடும். வயித்துக்கு அடியில ஒரே வாய். திங்கிறதும் அதுலதான், கழிக்கிறதும் அதுலதான்" என்றார் சார்.

"கருமம்" என்றார் மேரி அக்கா.

"ஒவ்வொண்ணும் ஆணும் பொண்ணும் சேந்ததுக்கா. சில ஜாதியில ரெண்டு சந்திச்சா கத்திச்சண்ட மாதிரி குத்திக்கும். தோத்தது முட்டை வைக்கணும்."

அந்தோணி அண்ணன் அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா திருப்பிப் பார்த்த பார்வையில் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

அந்த ஆரஞ்சுக் கரையில் எனக்கு ஆசை வந்துவிட்டது. பொம்மைக்கு அடிக்கலாமே என்று விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க!" என்று சார் அலறினார். "அந்தக் கலரே எச்சரிக்கைதான். என்னத் தின்னா உனக்குத்தான் ஆபத்துன்னு மீனுக்குச் சொல்லுது. அது சொல்லிட்டு அடிக்கிற ஆளு. சொல்லாம அடிக்கிறது அந்தப் பழுப்புதான். பலூன் மாதிரி ஊதிக்கிற பேத்த மீன்ல இருக்குற அதே வெஷம் அதுக்குள்ள இருக்குது. மொதல்ல உதடு மரத்துப்போவும், அப்புறம் கை காலு, அப்புறம் மூச்சு. ஆனா நெனப்பு மட்டும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும். மாத்து மருந்து கெடையாது."

"அப்ப எதுக்கு சார் வூட்டுக்குக் கொண்டாந்தீங்க?" என்றார் அண்ணன்.

"பயப்படுற பொருளக் கிட்டப் போயிப் பாத்தா பயம் கொறையும்னாங்க."

"கொறஞ்சுதா?"

"கூடிடுச்சு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் ஒரு கல்யாணத்துக்காகச் சேத்தியாத்தோப்பு போயிருந்தார். அக்கா நெத்திலிக் குழம்பு வைத்து என்னையும் கூப்பிட்டார். மூன்று பேரும் குழம்புச் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, கல்யாணத்திலிருந்து திரும்பிவிட்ட சாரின் குரல் குழாயடியிலிருந்து வந்தது.

"ஒண்ணக் காணோம்! பழுப்பக் காணோம்!"

ஓடினோம். கத்தரிப்பூ மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. சாரின் கண் தரையில் ஒட்டியிருந்த மீன் செதில்களில் நின்றது.

"மீன எங்க கழுவுனீங்கக்கா?"

"இங்கதான் சார். பேசினுக்குப் பக்கத்துல."

"அது ஊர்ந்து வெளிய வரும்க்கா. நெத்திலியோட நெத்திலியா..." சார் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நல்லா கொதிக்க வச்சேனே சார்!"

"கொதிச்சாலும் அந்த வெஷம் போவாது. உதடு மரத்துப்போச்சா?"

அவர் கேட்கும்வரை எனக்கு உதடு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. கேட்ட நொடியில் அது மரத்துவிட்டது. அண்ணன் தன் விரல் நுனிகளை மாறி மாறிக் கிள்ளிப் பார்த்தார். அக்கா, "மாதாவே, நானே என் கையால ஊத்திக் குடுத்துட்டேனே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மூச்சு சரியாக வருகிறதா என்று கவனித்தேன். கவனிக்கக் கவனிக்க அது குறைந்துகொண்டே போனது. நினைப்பு மட்டும் பயங்கரத் தெளிவாக இருந்தது.

தெருமுனைக்கு ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தவர் சார்தான். எங்களைப் பின்னால் ஏற்றிவிட்டு டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்தார். வழியெல்லாம் திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்: "மூச்ச இழுங்க. விடுங்க. நின்னாலும் மெஷின் வச்சுக் குடுப்பாங்க. வெஷம் தானா எறங்கிடும், பொழச்சுக்கலாம். நான் இருக்கேன்க்கா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் விரல்களில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினார். மூன்று பேருக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு சாரைப் பார்த்தார்.

"நீங்களும் சாப்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்பறம் ஏன் இப்படி வேர்க்குது?"

நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவரையும் ஒரு கட்டிலில் படுக்க வைத்தார். எங்கள் நாலு பேரில் அன்றைக்கு மோசமான நாடி அவருடையதுதான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நேராகக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் நிரம்பினால் வடிவதற்காக வாஷ்பேசின் விளிம்புக்குக் கீழே இன்னொரு ஓட்டை இருக்குமே, அதில் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். உள்ளே டீத்தூள் நிறத்தில் ஒரு மடிப்பு மெல்ல நெளிந்தது.

"மீன் கழுவுற சத்தத்துல பயந்துபோயி உள்ள பூந்துருக்குது, பாவம்" என்றார் சார்.

அக்கா அவரைத் திட்ட ஆரம்பித்தார். அந்தத் திட்டை இங்கே அச்சிட முடியாது. பாதியில் சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாகி, கடைசியில், "கல்யாணத்துலயாவது எதுனா சாப்டியா சார் நீ?" என்று கேட்டு உள்ளே போய் அரிசி களைந்தார்.

மறுநாள் சார் இரண்டையும் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார். ஆறு மாதம் கழித்துத் திட்டக்குடிப் பக்கம் வேறு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

இப்போது அந்தப் போர்ஷனில் எதற்கும் பயப்படாத ஒருவர் குடியிருக்கிறார். அதனாலோ என்னவோ, எங்களுக்குத்தான் காவல் இல்லாத வீட்டில் இருப்பது போலிருக்கிறது.