தோற்பது சீனியரின் வேலை

குமமோத்தோவில் அத்தானோடும் மூன்று பூனைகளோடும் சுகமாக வாழும் ஹிசனோ அக்கா அவர்களுக்கு, உன் ஒரே தம்பி தோகுஜி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே மலைப்பக்கம் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. காலையில் எழுந்து கால் வைத்தால் தரை சில்லென்கிறது. அத்தானின் முதுகு எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரி மசுயோ ஆவியில் வைத்துக் கொடுத்தாள், மாவு மாதிரி இருந்தது. பருவத்தையும் உடம்பையும் விசாரித்த பிறகே விஷயத்துக்கு வர வேண்டும் என்பது நம் வீட்டுப் பழக்கம், விசாரித்துவிட்டேன். இனி விஷயம். வருகிற பண்பாட்டு நாள் விடுமுறையன்று நீ கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் படுத்துக்கொள்ள வேண்டும்.

பதறாதே. நெஞ்சு, மூளை என்று பெரிதாக எதற்கும் போக வேண்டாம், முழங்கால் போதும். எழுந்திருக்க முடியவில்லை, தம்பி உடனே வந்தாக வேண்டும் என்று எங்கள் கம்பு மாஸ்டர் ஒட்சுபோ அம்மாளின் கடைக்குப் போன் செய்து சொல்லிவிடு. அந்த அம்மாள் மருந்துக்கடை நடத்துகிறவர், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார். அத்தானிடம் இரண்டு பெயர் கேட்டுத் தயாராக வைத்துக்கொள்.

ஏன் இந்த நாடகம் என்று கேட்பாய். பஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் கம்பு கற்றுக்கொள்ளப் போனது உனக்குத் தெரியும். அங்கே அடவுகள் எல்லாம் இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது. ஒருவர் மரவாளை ஓங்கி வெட்ட வருவார், மற்றவர் கம்பால் அதைத் தட்டி அவரை அடக்குவார். எப்போதும் கம்புதான் ஜெயிக்கும். எத்தனை நூறு வருஷமாகவோ அப்படித்தான், வாளுக்கு ஒரு நாளும் முறை வராது. புதிதாக வருகிறவர் கையில் கம்பைக் கொடுத்துவிட்டு சீனியர் வாளை எடுத்துக்கொள்வார். ஆக, சேர்ந்த நாளிலிருந்து நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். எழுதி வைத்த ஜெயம் என்பது தெரியும். ஆனாலும் வாரம் இரண்டு நாள், ஒருவர் என் எதிரே வாளைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கினால் மனுஷனுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது தெரியுமா! அந்தத் தெம்பில் வீட்டிலும் பயிற்சி செய்து காகிதக் கதவில் ஓட்டை போட்டேன், கூடத்து விளக்கை உடைத்தேன். மசுயோ கம்பைப் பிடுங்கி, ஊறுகாய்க்கு முள்ளங்கி காயப்போடும் கொம்பாக்கிவிட்டாள். "இப்பத்தான் இந்த வீட்டுக்கு இதால ஒரு பிரயோஜனம்" என்றாள். பயிற்சி நாட்களில் முள்ளங்கியை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுத்தான் கம்பை எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். புத்தாண்டு விருந்தில் பழைய பஸ் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கூடியபோது இரண்டு கிண்ணம் உள்ளே போனதும் கம்பைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். சாப்பிடும் குச்சியால் ஒரு குத்துகூடக் குத்திக் காட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் இசயாமா. என் மேலாளராக இருந்தாரே, அவர்தான். என் கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்கிறேன் என்று எழுந்து எல்லோர் சூப்பையும் ஆறவைத்தவர். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் தோற்றுக்கொண்டே இருந்தது அவரிடம்தான் அக்கா. கம்பெனிச் சுற்றுலாவில் மீன்பிடிக்கப் போனால் பெரிய மீன் அவர் தூண்டிலுக்குப் போகும். பாட்டுப் பாடினால் மதிப்பெண் இயந்திரம்கூட அவர் பக்கம் சாயும். மதிய இடைவேளையில் சதுரங்கப் பலகையை விரித்தால், நான் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் என் ராஜா மூலையில் நிற்பார். ஓய்வு பெற்றதில் எனக்கு இருந்த பெரிய சந்தோஷமே இனி இவரிடம் தோற்க வேண்டாம் என்பதுதான். அந்த மனிதர் வசந்தகாலத்தில் புதுக் கம்பை உறையில் போட்டுக்கொண்டு நாங்கள் கம்பு பழகும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து நின்றார்.

முதலில் தேன் குடித்த மாதிரி இருந்தது, மறைப்பானேன். எங்கள் இடத்தில் யார் முதலில் சேர்ந்தாரோ அவர்தான் சீனியர், வயசும் பதவியும் வாசலில் செருப்போடு நின்றுவிடும். அவர் எனக்கு முன்னால் குனிந்து துணியால் தரையைத் துடைத்தார். "குவாபரா சீனியர், கட்டைவிரல் இப்படி வரணுங்களா?" என்று நம் குடும்பப் பெயரோடு சீனியர் சேர்த்துக் கேட்டார். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ம், வரட்டும், வரட்டும்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கீழே, நான் மேலே. அப்போதுதான் ஒட்சுபோ மாஸ்டர் சிரித்த முகத்தோடு வந்து என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு மரவாளைக் கொடுத்தார். "குவாபரா-சான், இனிமே நீங்க சீனியர். இசயாமா-சானுக்கு நீங்கதான் ஜோடி. நல்லாத் தோத்துக் குடுங்க" என்றார்.

சீனியர் ஆகாமல் இருந்திருந்தால் ஜெயித்துக்கொண்டிருப்பேன். இசயாமாவுக்கே சீனியர் ஆனதால் இசயாமாவிடமே தோற்க வேண்டும். இந்த நியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது? மனசு ஒப்பவில்லை. அவர் கம்பு என் மணிக்கட்டை அழுத்துகிற இடத்தில் நான் வாளை விட்டுக்கொடுக்காமல் இறுக்கிப் பிடித்தேன். கம்பு வழுக்கி என் கட்டைவிரலில் இறங்கியது, நகம் கறுத்துப்போனது. மாஸ்டரே அடிபட்ட இடத்தில் பிளாஸ்திரி போட்டுவிட்டு, "ஏன் சண்டை போடுறீங்க?" என்றார். சண்டை கற்றுக்கொடுக்கிற இடத்தில் கேட்கிற கேள்வியா இது? அடுத்த முறை, அடி விழுவதற்கு முன்பே பின்னால் போய்விடலாம் என்று நாலடி தாவினேன். பக்கத்தில் மேசைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண்களின் வலையைச் சாய்த்துக்கொண்டு விழுந்தேன். "தாத்தாவுக்கு எங்களோட ஆட ஆசைபோல!" என்று ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அதற்கும் மறுவாரம்தான் உச்சம். அவர் "ஹோ!" என்று கத்திக்கொண்டு என் மார்புக்கு நேரே கம்பை நீட்டினார். நான் பதிலுக்குக் கண் இமைக்காமல் அவரை முறைத்துக்கொண்டே பின்வாங்க வேண்டும். ஆனால் பழக்க தோஷத்தால் வாளோடு குனிந்து, "சரிங்க சார்!" என்று சொல்லிவிட்டேன். கூடமே அதிர்ந்தது. மேசைப்பந்துப் பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் அவர் பேசினால் நிமிர்ந்து நிற்கத் தோன்றும். "வாள் பிடிக்கிறவர்தான் சொல்லிக்குடுக்கிறவர். நீங்க நெஜமா வெட்ட வந்தாத்தான் அவருக்குத் தடுக்கக் கத்துக்க முடியும். வேணும்னே தோக்கக் கூடாது, தோக்காமலும் இருக்கக் கூடாது" என்றார். எனக்குத் தலை சுற்றியது. "அப்போ நான் என்னதான் மேடம் செய்யணும்?" என்றேன். "முழுசா வெட்டுங்க. அப்புறம் முழுசாத் தோத்துப்போங்க" என்றார். சரி, என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று போன வாரம் எதையும் யோசிக்காமல் அவர் நெற்றியைப் பிளக்கிற மாதிரி வெட்டப் போனேன். கம்பு வந்து வாளைத் தட்டியது. அதன் நுனி என் கண்களுக்கு நடுவே வந்து நின்றது. நான் வாளைத் தாழ்த்தி மெதுவாகப் பின்வாங்கினேன். மாஸ்டர் கைதட்டிவிட்டார். "ஆஹா! தோக்குறதுல உங்களுக்குப் பிறவித் திறமை இருக்கு குவாபரா-சான்! விழாவுல நீங்க ரெண்டு பேரும்தான் கடைசி ஜோடி" என்றார்.

பிறவித் திறமையாம்! இதைப் பாராட்டு என்று நான் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? பண்பாட்டு நாளன்று கோயில் வளாகத்தில்தான் விழா. பஸ் கம்பெனி ஓய்வு பெற்றோர் சங்கம் சாப்பாட்டுப் பெட்டியோடு மொத்தமாக வருகிறது. எங்கள் டிக்கெட் பிரிவு நகாஓ இப்போதே, "குவாபராவும் இசயாமாவுமா? முடிவு என்னன்னு நாங்க வீட்டுலயே சொல்லிடுவோமே" என்று பேச ஆரம்பித்துவிட்டானாம். இத்தனை வருஷம் அலுவலக அறைக்குள் தோற்றேன், அது நாலு சுவருக்குள் போயிற்று. இப்போது ஊர் முன்னால் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேளம் கொட்டி, அவரிடமே தோற்க வேண்டுமாம். என்னால் முடியாது அக்கா, எனக்கும் ஒரு மானம் இருக்கிறது. மசுயோவிடம் சொன்னால், "தோக்குறது உங்களுக்குப் புதுசா என்ன?" என்று முள்ளங்கியைத் திருப்பிப் போடுகிறாள். இந்த உலகத்தில் உன் முழங்காலை விட்டால் எனக்கு வேறு துணை இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். குளிர் கூடும், இருவரும் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள். பூனைகளும் நலமாக இருக்கட்டும். உன் முழங்கால் நீண்ட காலம் உறுதியாக இருக்க வேண்டும், அந்த ஒரு நாள் தவிர.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிந்த தம்பி
தோகுஜி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது இசயாமாவே வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. "சீனியர், விழாவுக்கு என்னால வர முடியாது. ஓய்தாவுல இருக்கிற எங்க அண்ணனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு" என்றார். அப்போதுதான் அதே மாதிரி ஒரு பொய்யை எழுதி முடித்திருந்தவன் நான், முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "நெஜமாத்தானா?" என்றேன். மனிதர் அப்படியே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்துவிட்டார். "உங்களை அடிக்கக் கை வரல சீனியர். போன வாரம் நீங்க வாளை எறக்கிப் பின்னால போனீங்களே, அதைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் வெளங்குச்சு. சதுரங்கத்துலயும் இப்படித்தானே இத்தனை வருஷமா எனக்கு விட்டுக்குடுத்தீங்க? நான் ஒரு மடையன், நானே ஜெயிச்சேன்னு நெனச்சுட்டிருந்தேன். ஒரு நாளாவது முகத்துல காட்டுனீங்களா?" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. அவர் தோளைப் பிடித்துத் தூக்கி, "அதெல்லாம் எதுக்கு சார் இப்போ? விழாவுக்குத் தவறாம வாங்க, நல்லா ஓங்கி அடிங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகவே, மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. நீ படுக்கவே கூடாது. அத்தானைக் கூட்டிக்கொண்டு முதல் ரயிலிலேயே வந்து முன்வரிசையில் உட்கார். விழாவில் இசயாமா உன்னிடம் வந்து கண் கலங்கி என்ன சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டு. நான் ஒரு ஆட்டம்கூட விட்டுக்கொடுத்ததில்லை அக்கா. ஒவ்வொரு நாளும் உயிரைக் கொடுத்து ஆடித்தான் தோற்றேன்.