நெர்ஹா பால்கனியில் ஒரு நாற்காலி

பொண்டாட்டியை வெளிநாட்டுக்கு அனுப்பாம நிறுத்தறதுக்காக சொந்தமா ஒரு பேயை உண்டாக்கினவன் நான். சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறமா சிரிங்க.

என் பேரு தேவதாஸ். வயசு அம்பத்து நாலு. உப்பளம் ஏரியாவுல ஒரு ஆபீசுல தலைமை குமாஸ்தா. அங்க பதினோரு பேரு எனக்குக் கீழ. வீட்டுல ரெண்டே பேரு, அதுல நான் கீழ.

மேல இருக்கிறவ என் சம்சாரம் ஜோவிதா. அவ தங்கச்சி ஜூலி, கல்யாணம் ஆனதுலேருந்து பாரீசுல இருக்கா. அவங்க அப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து ஓய்வு வாங்கினவரு. அதனால அக்கா, தங்கச்சி ரெண்டு பேருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. எனக்கு நம்ம நாட்டுப் பாஸ்போர்ட்டு. அது பீரோவுல பாச்சா உருண்டையோட தூங்கிக்கிட்டு இருக்கு. தெக்கால வேளாங்கண்ணி, வடக்கால மெட்ராசு, அதைத் தாண்டி நான் போனதில்ல. தலைக்கு மேல ஏரோப்ளேன் போனாலே பயந்து சுவத்தப் புடிச்சுக்குவேன். இது ஊருல யாருக்கும் தெரியாது. ஜோவிதாவுக்கும் தெரியாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ஜூன் மாசம் முதல் வாரம் ஜூலி போன் பண்ணா.

"அக்கா, இந்த வருஷம் வக்கான்சுக்கு ஸ்பெயின் போறோம். கடலோரத்துல நெர்ஹான்னு ஒரு ஊரு. ரெண்டு மாசத்துக்கு வீடு எடுத்தாச்சு, மூணாவது மாடி. ஆகஸ்ட்ல நீயும் மாமாவும் வந்து மூணு வாரம் இருங்க."

ஜூலிக்கு லீவுன்னு சொல்ல வராது. வக்கான்ஸ்தான்.

ஜோவிதா போனை வெச்சுட்டு என்னைப் பாத்தா. "என்னாங்க, போலாமா?"

"ஆபீசுல லீவு..."

"இருபத்து மூணு வருஷமா ஆபீசு. நான் ஒரு ஊரு பாத்திருக்கேனா?"

நியாயமான கேள்வி கேட்டா நான் பேப்பரை எடுத்து விரிச்சுக்குவேன்.

யோசிச்சேன். போனா ப்ளேன் ஏறணும். போகலன்னா அவ மட்டும் போவா. மூணு வாரம் நான் தனியா. இதுல எது மோசம்? போன வருஷம் அவ ஒரு கல்யாணத்துக்காக ரெண்டு நாளு காரைக்கால் போனப்ப, மத்தியானம் வீடு கெடந்த அமைதியில நான் ஃபிரிட்ஜுகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். வெக்கத்தை வுட்டு சொல்றேன், அவ இல்லாத வீட்டுல எனக்கு பயம். அவ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது.

ஆக, அவளும் போகக்கூடாது, நானும் போகக்கூடாது. ஜோவிதா போலீசுக்கு பயப்பட மாட்டா, புயலுக்கு பயப்பட மாட்டா. ஆனா ஆத்துமா, ஆவின்னா சிலுவை போட்டுக்குவா. அங்கதான் அடிக்கணும்னு முடிவு பண்ணேன்.

சாப்பிடும்போது ஆரம்பிச்சேன்.

"நம்ம ஆபீசு கிளாட்வின் இல்ல, அவன் அந்த நெர்ஹாவுக்குப் போயிருக்கான்."

"அப்பிடியா?"

"அங்க கடலப் பாத்த மாதிரி ஒரு கட்டடம் இருக்குதாம். மூணாவது மாடி பால்கனியில ஒரு கெழவி வந்து உக்காருவாளாம். ராத்திரியில இல்ல, பட்டப்பகல்ல. மத்தியானம் மூணு மணிக்கு, வெயிலு கொளுத்தும்போது. எல்லாரும் கடலப் பாத்து நாற்காலி போடுவாங்க. இவ மட்டும் சுவத்தப் பாத்துப் போடுவாளாம். முதுகுதான் தெரியும். கறுப்புச் சால்வை."

"மூஞ்சி?"

"மூஞ்சியத் திருப்பவே மாட்டா. எப்பவாவது யாரு பேரையாவது சொல்லிக் கூப்புடுவாளாம். அப்பிடிக் கூப்புட்டா அவங்க..."

"அவங்க?"

அதுவரைக்கும் நான் யோசிக்கல. "ஊரு திரும்ப மாட்டாங்க" ன்னு சொல்லி முடிச்சேன். நல்லா அமைஞ்சுபோச்சுன்னு சந்தோஷம்.

"மாதாவே!" ன்னு சிலுவை போட்டுக்கிட்டா ஜோவிதா. எழுந்து போய் எனக்கு இன்னொரு துண்டு வஞ்சிரம் கொண்டாந்து வெச்சா. ஜெயிச்சுட்டேன்னு அதைப் பூரா தின்னேன்.

ஜூலை பொறந்ததும் ஜூலி குடும்பம் நெர்ஹா போய்ச் சேந்துச்சு. வீடியோ கால் வந்துச்சு. நமக்கு சாயந்திரம் ஆறரை. கோவில்ல திரிகால மணி அடிச்சு ஓஞ்சிருந்துச்சு, வாசல்ல இருட்டு எறங்குது. போனுக்குள்ள பாத்தா கண்ணைக் கூசுற வெயிலு. அங்க மத்தியானம் மூணு மணி.

"மாமா, கடலப் பாருங்க! இதுக்கு வெயிலுக் கரைன்னே பேரு வெச்சிருக்காங்க. அதோ, பாறை மேல கட்டியிருக்காங்க பாருங்க, அதான் ஐரோப்பாவோட பால்கனி. அங்க நின்னா ஆப்பிரிக்கா தெரியும்னு சொல்றாங்க!"

கடல் நீலமா இருந்துச்சு. நம்ம கடற்கரை ரோடு மாதிரியே நடக்குற மேடை, ஆனா காத்தே இல்லாத மாதிரி பனைமரம் அசையாம நிக்குது. ஜூலி போனைத் திருப்பினா. வெள்ளைச் சுவரு. அதை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி. சுவத்தப் பாத்தபடி.

"ஜூலி, அந்த நாற்காலி..."

"எந்த நாற்காலி மாமா?"

அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. ஜோவிதாவைப் பாத்தேன். கத்திரிக்கா நறுக்கிக்கிட்டு இருந்தா.

"பாத்தியா?"

"கடலத்தானே? அழகா இருக்குங்க."

மறுநாளு அதே நேரம். ஜூலி சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கா. அவ தோளுக்குப் பின்னால நாற்காலி இருக்கு. இன்னைக்கு அது காலியா இல்ல. கறுப்புச் சால்வை. நரைச்ச கொண்டை. அந்த வெயில்லயும் ஆடாம அசையாம முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.

"ஜூலி! உன் பின்னால யாரு?"

அவ திரும்பிப் பாத்தா. "ஒருத்தரும் இல்லியே மாமா."

"ஜோ, நீ பாரு!"

ஜோவிதா கண்ணாடியப் போட்டுக்கிட்டு பாத்தா. "சுவருதான் தெரியுது. உங்களுக்கு பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

பாருங்க, நான் பெத்த பேயி எனக்கு மட்டும் தெரியுது. யாருகிட்ட சொல்றது? பொய்யின்னு சொன்னா மாட்டிக்குவேன். நெசம்னு சொன்னா மாட்டிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் தினமும் போட்டோ வரும். மலை மேல ஃப்ரிஹிலியானான்னு ஒரு வெள்ளை ஊரு. எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு அடிச்சு, காகிதப்பூ படர வுட்டு, அழகுன்னா அழகு. அந்தத் தெருப் படிக்கட்டு ஓரத்துல கறுப்புச் சால்வை. மாலகாவுல பழைய கோட்டை, வாசல்ல கறுப்புச் சால்வை. கடற்கரை மணல்ல ஒரு பழைய படகுல நெருப்புப் போட்டு, மத்தி மீனை குச்சியில குத்திச் சுடுறாங்க. புகைக்கு அந்தாண்ட கறுப்புச் சால்வை. எல்லாத்துலயும் முதுகு. நான் போட்டோவைப் பெருசு பண்ணிப் பாப்பேன், உடனே சின்னது பண்ணிடுவேன்.

ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுப் படுத்தேன். ஜோவிதா கோவில்ல மரியாயின் சேனை செபக் கூட்டத்துக்குப் போயிருந்தா. முழிப்பு வந்தப்ப மணி சரியா மூணு. தெருவுல ஒரு சத்தம் இல்ல. எங்க வீட்டு பால்கனிக் கதவு திறந்து கெடந்துச்சு. எழுந்து போனேன். எங்க பிளாஸ்டிக் நாற்காலி சுவத்தப் பாத்துத் திரும்பி இருந்துச்சு. உக்கார்ற எடத்துல ஈரம். தொட்டு நாக்குல வெச்சேன். ஏன் வெச்சேன்னு கேக்காதீங்க. உப்புக் கரிச்சுச்சு.

மறுநாளு நெர்ஹா குகை வீடியோ வந்துச்சு. தரைக்கு அடியில கோயில் கோபுரம் உயரத்துக்குக் கல்லுத் தூணு, பல லட்ச வருஷமா சொட்டிச் சொட்டி வளந்ததாம். நீல வெளிச்சம். ஜூலி படியில எறங்கிக்கிட்டே எடுத்திருக்கா. சொட்டு விழுற சத்தம். காலடிச் சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல. அந்த ஒண்ணுமில்லாததுக்குள்ள இருந்து ஒரு வயசான குரலு, மெதுவா, பக்கத்துல உக்காந்து கூப்புடற மாதிரி:

"தேவதாஸ்..."

போனைத் தூக்கிக் கட்டில் மேல வீசினேன். ஜோவிதா எடுத்து காதுல வெச்சுக் கேட்டா. ரெண்டு தரம் கேட்டா.

"தண்ணி சொட்டுதுங்க. அவ்ளோதான்."

அதோட என் தைரியம் முடிஞ்சுது. அலையுற ஆத்துமாவுக்கு நம்ம ஆளுங்க என்னா பண்ணுவோம்? அது பேருல கோவில்ல பூசை வெக்கச் சொல்வோம். ஆபீசுக்குப் போற வழியில கோவிலுக்குப் போனேன். உபதேசியார் லூர்துநாதன், யாருக்காகப் பூசைன்னு எழுதற கருத்து நோட்டைத் திறந்தாரு.

"யாரு ஆத்துமாவுக்கு?"

"ஒரு... பெரியம்மா."

"பேரு?"

"தெரியாது."

கண்ணாடிக்கு மேல பாத்தாரு. "சொந்தப் பெரியம்மா பேரு தெரியாதா?"

"ஸ்பெயின்ல இருக்காங்க. இருந்தாங்க. இருக்காங்கன்னும் சொல்லலாம். நாற்காலியில உக்காந்தபடி... புதன்கிழமை விடிகாலைப் பூசை போதும். கூட்டம் இருக்காது."

"வெளிநாட்டு ஆத்துமா. புதன்கிழமை எப்பிடிங்க? ஞாயித்துக்கிழமைப் பெரிய பூசையில வெச்சிடறேன்" ன்னு எழுதிட்டாரு. மனுஷன் மரியாதை தெரிஞ்சவரு, என்னா பண்றது.

ஞாயித்துக்கிழமை மைக்குல, கோவில் நெறைய ஜனத்துக்கு முன்னால: "ஸ்பெயின் நாடு, நெர்ஹா பட்டணத்தில், நாற்காலியில் அமர்ந்தபடியே மரித்த பெரியம்மாவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, தேவதாஸ் குடும்பத்தார்."

பெண்கள் பக்கம் இருந்து ஜோவிதா என்னைத் திரும்பிப் பாத்தா. சிரிக்கல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

நாங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள துக்கம் கேக்க ஆளு வந்தாச்சு. முதல் ஆளு பக்கத்து வீட்டு அந்தோணிமேரி அக்கா. கையில காபி கூஜா, கண்ணுல தண்ணி.

"தேவதாசு, சொல்லவே இல்லியேப்பா! உனக்கு ஸ்பெயின்ல பெரியம்மாவா? யாரு பக்கத்துல இருந்தாங்களோ, கண்ண மூடறப்ப!"

"அக்கா, அது வந்து..."

"அடக்கத்துக்குத்தான் போகல. கல்லறைக்கு ஒரு மெழுகுவத்தியாவது ஏத்த வேணாமா? ரத்த சொந்தம் யாராவது போகணும். இல்லன்னா ஆத்துமா பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே அலையும்."

பேரச் சொல்லின்னதும் நான் பால்கனிப் பக்கம் திரும்பிப் பாத்தேன். கூடம் நெறைய பன்னெண்டு பேரு என்னையே பாக்குறாங்க.

ஜோவிதா முந்தானையால மூக்கைத் தொடச்சுக்கிட்டு சொன்னா, "அவருதான் போகணும். ஆனா அவரு உடம்பு இருக்கிற நெலமையில..."

"நீயே போயிட்டு வா" ன்னுட்டேன். என் வாயில இருந்து எனக்குத் தெரியாம வந்துடுச்சு. கூப்புட்டது என் பேரைத்தானே, அவ பேரை இல்லியே! பொண்டாட்டியை அனுப்பிட்டு ஒளிஞ்சுக்கிறோமேன்னு வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா பயம் வெக்கத்தை வுட பெருசு.

"எவ்ளோ நல்ல மனசு" ன்னு அந்தோணிமேரி அக்கா எனக்குக் காபி ஊத்தினாங்க.

சாயந்திரம் ஜோவிதா பெட்டி அடுக்குனா. பெட்டி புதுசு. எப்ப வாங்கினான்னு தெரியல. நான் கட்டில் ஓரத்துல உக்காந்து எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். பேயி பொய்யி, கிளாட்வின் பொய்யி, ப்ளேனு பயம் மட்டும் நெசம்.

"தெரியும்" ன்னா, சேலையை மடிச்சுக்கிட்டே. "மறுநாளே கிளாட்வின் அண்ணன மீன் மார்க்கெட்டுல பாத்தேன். ஸ்பெயின் எந்தப் பக்கம் இருக்குன்னே அவருக்குத் தெரியல."

"அப்ப அந்தக் கெழவி?"

"ஜூலி மாமியாரு. அவங்களும்தான் வக்கான்சுக்குப் போயிருக்காங்க. நான் சொல்லித்தான் ஜூலி, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு அவங்கள உக்கார வெச்சா. பாவம், தினமும் ஒண்ணு. சக்கரை ஏறிடுச்சாம்."

"நம்ம வீட்டு நாற்காலி?"

"உப்புத் தண்ணி. நான்தான். நாக்குல வெப்பீங்கன்னு தெரியும்."

எனக்குக் கோபம் வந்துச்சு. அதுக்கு மேல நிம்மதி வந்துச்சு. சிரிச்சேன். "குகைக்குள்ள என் பேரச் சொன்னதும் அந்தம்மாதானா? அப்பா, நல்லாக் கூப்புட்டாங்க, உசுரே போச்சு."

ஜோவிதா மடிக்கிறதை நிறுத்தினா.

"குகைக்குள்ளயா? அந்தம்மாவுக்கு முட்டி வலி. அத்தினி படி எறங்க முடியாதுன்னு வெளியவே உக்காந்துட்டாங்களே."

"அப்ப ஜூலி?"

"நாங்க நாற்காலியோட நிறுத்திக்கிட்டோங்க. குகையப் பத்திப் பேசவே இல்ல." அவ மூஞ்சியப் பாத்தேன். நடிக்கிற மூஞ்சி எனக்குத் தெரியும். இது அது இல்ல. இல்ல, அதுதானோ என்னமோ, இருபத்து மூணு வருஷத்துல எனக்கு ஒரு தடவையும் கண்டுபிடிக்க வந்ததில்ல.

வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு. பால்கனிக் கதவு தானா லேசா ஆடுச்சு. அவ கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"ஜோ, நானும் வரேன். ப்ளேனோ ராக்கெட்டோ, கண்ண மூடிக்கிட்டு ஏறிடறேன். இந்த வீட்டுல தனியா என்னால முடியாது. விசா வாங்கு, எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு!"

ஜோவிதா என் கன்னத்தை வாஞ்சையாத் தட்டினா.

"ஒரே ஒரு டிக்கெட்டு மே மாசமே எடுத்தாச்சுங்க. உங்களை மரியாதைக்குக் கூப்புட்டுட்டு, வர வேணாம்னு எப்பிடிச் சொல்றதுன்னுதான் நானும் ஜூலியும் முழிச்சுக்கிட்டு இருந்தோம்."