மஸ்கட்டிலிருந்து வந்த ஒன்றரை மணி நேரம்

கணக்கு டீச்சரை நம்பி யாரும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பாதீர்கள். நானே கணக்கு டீச்சர்தான். பாறசாலையில் டியூஷன் எடுக்கிறேன். (பிள்ளைகளின் பெற்றோர் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.)

அப்போது ஜெபினுக்கும் எனக்கும் நிச்சயம் முடிந்திருந்தது. அவருக்கு மஸ்கட்டில் வேலை. அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். "எட்டு மணிக்கு விளிக்கேன்" என்பார். ஒன்பதரைக்குத்தான் போன் வரும். அதனால் அவர் வாயிலிருந்து எந்த மணி வந்தாலும் ஒன்றரையைக் கூட்டிக்கொள்வது பழக்கமாகிவிட்டது. (எங்கள் ஊர் காரோட்டில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எல்லா வீட்டிலும் இந்த வியாதி உண்டு.)

கல்யாணத்துக்கு லீவு கிடைத்ததும் போன் செய்தார். "பகல் பன்னெண்டரைக்குப் பொறப்பட்டு அஞ்சரைக்கு எறங்குவேன். நீ வந்து நிக்கணும், கேட்டியா? இத்தன வருசமா எனக்குன்னு ஒருத்தரும் வந்து நின்னதில்ல."

அப்பா அம்மா இல்லாத மனுஷர். உடனே "வாறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு, வழக்கம்போல ஒன்றரையைக் கூட்டி, காலண்டரில் ஏழு மணி என்று எழுதினேன்.

ஒரு சந்தேகம் மட்டும் குடைந்துகொண்டே இருந்தது. பகல் பன்னிரண்டரைக்குப் புறப்பட்டு அஞ்சரைக்கு இறங்கினால் ஐந்து மணி நேரம். திருவனந்தபுரத்துக்குத் தூரமோ இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டர் சொச்சம். வகுத்தால் மணிக்கு ஐந்நூறுதான் வருகிறது. விமானம் இவ்வளவு மெதுவாகவா போகும்?

அப்பாவிடம் கேட்டேன். "நம்ம அமரவிளை செக்போஸ்ட் போல வழியில எங்கயாவது டிராபிக் பிளாக் இருக்கும் மக்கா" என்றார்.

நான் எதிர்க்காற்று என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அதையே பிள்ளைகளுக்குப் பாடமாகவும் நடத்தினேன்.

அவர் வரும் நாளன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மொட்டைமாடியில் சாவகாசமாகத் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன். கடலோரமாக ஒரு விமானம் தாழ்ந்து வடக்கே போனது. "அப்பா, யாரோ எறங்கப் போறாங்க, பாருங்க!" என்று கையைக்கூட ஆட்டினேன்.

"நம்ம ஆளு இப்ப கடலுக்க நடுவிலயாக்கும்" என்றார் அப்பா.

ஏழு மணிக்கு ஏர்போர்ட்டில் போய் நின்றால், கூட்டமே இல்லை. ஜெபின் மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கையில் இந்திய சிம் இல்லாததால் கூப்பிடவும் வழியில்லை.

"எப்ப வந்தீங்க?"

"அஞ்சரைக்கு. சொன்னேன் இல்லியா?"

"அது மஸ்கட் அஞ்சரை இல்லியா?"

டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "எறங்குத ஊருக்க மணியாக்கும் டிக்கெட்டில போடுவாவ."

அப்படியென்றால் பறந்தது மூன்றரை மணி நேரம்! வகுத்தால் எழுநூற்றுச் சொச்சம். அந்த நேரத்திலும், விடை சரியாக வந்த சந்தோஷம் எட்டிப் பார்த்தது. (வெட்கங்கெட்ட மூளை.) மாடியிலிருந்து நான் கையாட்டி அனுப்பிவைத்தது அவரைத்தான் என்பது அதற்குப் பிறகே உறைத்தது.

"போர்டு பிடிச்சு நின்ன ஒவ்வொருத்தரையும் பாத்தேன். ஒன்னக் காணல்ல. சரி, எப்பவும் போலத்தான்னு நெனச்சேன்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அங்கேயே அழுதுவிட்டேன்.

"பின்ன ஏன் டாக்சி பிடிச்சுப் போகல்ல?"

"வாறேன்னு சொன்னியே."

கல்யாணம் (எப்படியோ) நடந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் பிளேன் எறங்கி ஒன்றர மணிக்கூர் கழிஞ்சாக்கும் எங்க வீட்டில எறங்கும்" என்று அப்பா இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிக்கிறார். ஜெபினும் உஷாராகிவிட்டார். ஒவ்வொரு லீவுக்கும், இறங்கும் நேரத்தில் ஒன்றரையைக் குறைத்தே எனக்குச் சொல்கிறார். நான் கூட்டிக்கொண்டு சரியாக வந்துவிடுவேனாம்.

கூட்டுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இதுவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் சொன்ன நேரத்துக்கே போய், ஒன்றரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.