அலங்காரத்துக்கு அலம் மாமா சொன்ன அர்த்தம்

திருவனந்தபுரத்தில் ஒரு தோரணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் யாரும் கிடையாது. அலம் மாமா பிடித்துக்கொள்வார். கழக்கூட்டம் பகுதியில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மேல் ஃப்ளாட். ஓய்வு பெற்ற சமஸ்கிருத வாத்தியார். அவருடைய சொந்தப் பெயர் கேஸ் சிலிண்டர்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

'அலங்காரம்' என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போயிற்று. "அர்த்தம் தெரியுமோ? அலம்னா போதும், வேண்டிய அளவு. காரம்னா பண்றது. ஒண்ணை அதோட காரியத்துக்குப் போதுமானதா ஆக்கறதுதான் அலங்காரம். மினுக்கறதுன்னு யார் சொன்னா?"

ஓணத்துக்குப் பூக்களம் போட்ட பெண்களுக்கு இதை விளக்கினார். முடிவதற்குள் பூ வாடிவிட்டது. பழவங்காடி சிக்னலில், குஞ்சலம் தொங்கவிட்ட ஆட்டோக்காரரிடம் ஆரம்பித்தார். பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் விழுந்தது. பின்னாலிருந்த பஸ்காரர்கள் எங்கள் வம்சத்தையே விசாரித்தார்கள். கூட உட்கார்ந்திருந்த பாவி நான். அதற்குப் பிறகு லிஃப்டில் அவர் நின்றால், மூட்டுவலியோடு மாடிப்படி ஏறிவிடுவேன்.

என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவளுக்கு இரண்டு காதிலும் மிஷின் உண்டு. அதைக் கழற்றினால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது. முகூர்த்தம் நெருங்கும் நேரத்தில் மணப்பெண் அறைக்குப் போனேன். மேக்கப் பெண் மிஷின்களைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தாள்.

"ஃபோட்டோல மோசமா தெரியும் அங்கிள். ஒரு மணிக்கூர் நேரம்தானே, கேட்டோ" என்றாள் மலையாளம் கலந்து.

நான் வாயைத் திறந்தேன். "நீ சும்மா கிட" என்று என் அக்கா அடைத்துவிட்டாள். விடியற்காலையிலிருந்து ஊரோடு மல்லுக்கட்டிய எனக்கு அக்காவோடும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. மகள் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அலங்காரம் முடிஞ்சுதோ?" என்று கேட்டபடி அலம் மாமா உள்ளே வந்தார். இனி என்ன, பிரசங்கம்தான் என்று சுவரில் சாய்ந்தேன்.

"மாப்பிள்ளை வந்தாச்சு, பாத்தியோடி?" என்றார் மகளிடம். அவள் திரும்பவில்லை. மாமா மேஜையைப் பார்த்தார்.

"எங்க முடிஞ்சுது? முக்கியமான ரெண்டு நகையைப் போடலையே!" மிஷின்களை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "தாலி கட்டறவன் சொல்றது இவ காதுல விழ வேண்டாமோ? இதுதான் அலங்காரம். மிச்சமெல்லாம் சுமை."

"மாமா, முடி கலைஞ்சிரும்!" என்றாள் அக்கா.

"கலையட்டும்."

அவர் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பிரசங்கம் அது. அக்காவே மகளின் காதோர முடியை ஒதுக்கிப் பிடித்தாள்.

மணையில் மாப்பிள்ளை குனிந்து என்னவோ சொன்னான். மகள் களுக்கென்று சிரித்தாள். கூட்டத்தில் அலம் மாமாவைத் தேடிப் பிடித்து, பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். வேறு யாரோடும் சாப்பிட அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.