குசினியடிக்கு வந்த கப்பல்

எங்கள் தேற்றாத்தீவில் கடவுளை நம்பாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். கேற்றரை நம்புகிறவர் ஒருவர்கூட இல்லை. ஊரில் பாதி வீட்டு வாசல்களுக்கு இரும்புக் கேற்று அடித்துக் கொடுத்ததால் அவர் கேற்றர். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

அவர் செய்த கேற்று ஒன்றாவது சும்மா இருந்ததில்லை. என் வீட்டுக் கேற்று காற்றடித்தால் விசிலடிக்கும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எத்தனை நாள் சோற்றுக் கையோடு எழும்பி ஓடியிருப்பேன். தபால்காரர் வீட்டுக் கேற்றைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். அவர் வேலியில் ஓட்டை போட்டுத்தான் வேலைக்குப் போய் வருகிறார். குறை சொன்னால் கேற்றருக்குக் கோபம் வராது. "கள்ளன் வந்தவனா? இல்லதானே. மறுகா என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

இப்படிப்பட்டவர் போன வருடம் ஒருநாள் என் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, பின்வளவில் நீச்சல் தடாகம் வைக்கப்போவதாகச் சொன்னார். அதுவும் கப்பலில் சாமான் ஏற்றுகிற இருபதடி இரும்புக் கொண்டெய்னரில். அவருடைய பின்வளவில் சமைக்கிற குசினிக்கும் வாவிக்கரைக்கும் நடுவே ஒரு ஆடு திரும்புவதென்றாலும் யோசித்துத்தான் திரும்பும்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து இடது கால் இழுபட்டு ஏழு மாதமாகியிருந்தது. நெஞ்சளவு தண்ணீரில் நாள்தோறும் நடந்தால் கால் திரும்பி வரலாம், இப்படியே கதிரையில் இருந்தால் வராது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம். கடலில் அலை நிற்கவிடாது. வாவியில் முதலை.

"முதலைக்கு நான் கேற்றுப் போட ஏலாதே தம்பி," என்றார்.

கொண்டெய்னர் கொழும்பிலிருந்து லொறியில் வந்து பெரிய வீதியில் நின்றது. அவர் வீட்டு ஒழுங்கையில் முச்சக்கர வண்டி போனாலே இரண்டு பக்க வேலியும் மூச்சை அடக்கிக்கொள்ளும். லொறிச் சாரதி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். நான் மனதுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். கேற்றர் கொஞ்ச நேரம் நாடியைச் சொறிந்தார். பிறகு லொறியை வாவிக்கரைத் துறைக்கு விடச் சொன்னார். அங்கே வைத்தே மேல்தகட்டை வெட்டி எடுத்து, கதவை மூடி, நாலு நாளாக மூலை மூலையாக வெல்டிங் செய்தார். ஐந்தாம் நாள் பெட்டியை வாவிக்குள் இறக்கினார்கள்.

மிதந்தது. கேற்றர் செய்ததில் சொன்னபடி கேட்ட முதல் சாமான் அதுதான்.

இரண்டு தோணிகள் கட்டி இழுக்க, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் நடுவில் நின்று வந்தார். வழியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர், "கப்பல் எங்க போகுது கா?" என்று கேட்டார்.

"என்ட குசினியடிக்கு."

கரையில் ஊரே கூடிவிட்டது. வாழைக்குற்றிகளைப் பரப்பி, பெட்டியின் முன்முனையில் ஒரு வடம், பின்முனையில் ஒரு வடம் கட்டி, எல்லாரும் சேர்ந்து மேலே இழுத்தோம். நேராக வந்தது. ஆனால் குசினிக்கு முன்னால் அது குறுக்காகத் திரும்பினால்தான் வளவுக்குள் அடங்கும். அது திரும்பவில்லை. மூக்கு குசினிச் சுவரில் இடித்து இரண்டு கல் விழுந்தது. குசினியை உடைக்கச் சொன்னார்கள் சிலர். திருப்பி வாவிக்குள் தள்ளச் சொன்னார்கள் பலர். கதிரையில் இருந்த பாக்கியம் அக்கா மெல்லச் சொன்னார்: "இஞ்சருங்க, போதும். எனக்கு இந்தக் கதிரையே காணும்."

கேற்றரின் முகம் விழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த நேரம் முன்வடத்தில் நின்ற ஒருவர் வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாமல், "பின்னால நிக்கிறது முழுக்கத் தென்சேரி. அதான் அசையுதில்ல," என்றார்.

எங்கள் பக்கத்தில் கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி எடுப்பது வழக்கம். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஊர் இரண்டு கட்சியாகி, வடசேரி ஒரு பக்கமும் தென்சேரி மறுபக்கமுமாக முறியும்வரை இழுப்பார்கள். கொம்பு முறிந்து தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டுப் பாடியே நாறடிப்பார்கள். யார் எந்தச் சேரி என்பது தகப்பன் வழியில் வருவது. எடுத்துப் பல வருடமானாலும் அது ஒருவருக்கும் மறக்காது.

"உங்கட அப்பன்ட காலத்திலயும் கொம்பு உங்களுக்குத்தானே முறிஞ்சது," என்று பின்வடத்திலிருந்து பதில் வந்தது.

அவ்வளவுதான். பெட்டியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. வடசேரியார் முன்வடத்தை வடக்கே இழுத்தார்கள். தென்சேரியார் பின்வடத்தைத் தெற்கே இழுத்தார்கள். பெண்கள் வேறு குரவை போட்டார்கள். "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க," என்று கேற்றர் நடுவில் நின்று கெஞ்சினார். திடீரென்று கெஞ்சுவதை நிறுத்திவிட்டார். வாழைச்சாற்றில் வழுக்கி, பெட்டி ஒரு பெரிய மாடு படுக்கத் திரும்புவது போல மெதுவாகக் கிறுகிக்கொண்டிருந்தது.

"இழுங்க மக்காள்," என்றார் கேற்றர். "தென்சேரி தோற்கப் போகுது."

மறுபக்கம் ஓடிப்போய், "வடசேரி தோற்கப் போகுது," என்றார்.

குசினிச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி, அளந்து வைத்தது போல, பெட்டி குறுக்காகப் போய் இருந்தது. இரண்டு சேரியாரும் தாங்களே வென்றதாக இன்றுவரை சொல்கிறார்கள். கேற்றர் இரண்டு பக்கத்துக்கும் ஓம் என்கிறார்.

கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய முதல் கிழமை ஏழு நாளும் அக்காவின் கால் இழுபட்டபடியே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் கோயிலுக்குப் புறப்பட்டவன், வேலியடியில் சத்தம் கேட்டு நின்றேன். கேற்றர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். முதுகு தகட்டில் இடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் அந்தக் காலைவிட்டு எடுபடவில்லை.

"இப்ப காலைத் தூக்கினது நான்தான்," என்றார் அக்கா. "நீங்க இல்ல."

"ஓம் புள்ள. நான் இல்ல."

கோயிலில் பூசை மணி அடித்தது. நான் அசையவில்லை. பிள்ளையாரும் அந்நேரம் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.