தாளம் மாமா அசையாமல் படுத்த கதை

இலங்கை மலையகத்தில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் அத்தனையையும் சலித்துப் பார்த்தாலும், தூக்கத்தில்கூடச் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தாளம் மாமா. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைப் பார்த்தால்தான் அது அவருக்கே ஞாபகம் வரும்.

வேலை தேயிலைத் தொழிற்சாலையில். உயிர் தப்பு என்கிற பறையை அடிப்பதில். காமன் கூத்து, தேர், சாவு வீடு எதுவானாலும் மாமாவின் தப்பு முன்னால் போகும், தோட்டம் பின்னால் ஆடிக்கொண்டே போகும். தப்பு கையில் இல்லாத நேரம்தான் தொல்லை. பஸ்ஸில் சீட்டுக் கம்பி, கடையில் பிஸ்கட் டின், லயத்து வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்று எதையும் விடமாட்டார். ஒருமுறை தொழிற்சங்கக் கூட்டத்தில் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார். மேடையில் பேசியவர் தன்னை அறியாமல் வேகம் பிடித்து, யாரும் கேட்காத சலுகைகளையெல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

பிடித்தவர்களுக்கு மாமா ஒரு வாக்குக் கொடுப்பார். "மருமகனே, ஒன் சாவுக்கு நான் அடிக்கிற அடியில நீயே எந்திரிச்சு ஆடுவ பாரு." என் கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நின்றபோதும் இதைச் சொன்னார்.

போன வருஷம் அவருக்குச் சிறுநீர் போவதில் சிக்கல் வந்தது. சோதித்துப் பார்த்து, புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். அவரையும் அவர் மனைவி செல்லம்மா அத்தையையும் கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

"சுரப்பியைச் சுத்தி ஒரு உறை இருக்கு," என்றார் டாக்டர். "நோய் அதுக்குள்ளேயே நிக்குதா, தாண்டிப் பக்கத்துல பரவிருச்சான்னு எம்.ஆர்.ஐ. படத்துலதான் பார்க்கணும். உள்ளேயே நின்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துறலாம். தாண்டியிருந்தா வேற மாதிரி யோசிக்கணும்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா டாக்டரின் மேசையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் அறையில் படம் எடுக்கும் தம்பி, "மாமே, ஹெல்லென்ன எப்பா," என்று சிங்களத்தில் சொல்லி, அசையக் கூடாது என்று கையாலும் காட்டினான். காதுக்கு அடைப்பு வைத்து உள்ளே தள்ளினான். மெஷின் டக்டக்கென்று அடிக்கத் தொடங்கியது. அவ்வளவுதான். முதலில் விரல், பிறகு தோள், பிறகு இடுப்பு. படம் எடுக்க வேண்டியதோ இடுப்புப் பக்கம்.

தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். படமெல்லாம் கலங்கிவிட்டது, உறை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அன்றைக்குக் கடைசி ஆளாக இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கலாம், அதிலும் ஆடினால் மறுபடி நாள் கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்றான்.

"மெஷின் நல்லா அடிக்குது மருமகனே," என்றார் மாமா. "கூப்பிடுற மாதிரியே இருக்கு."

"ஏங்க, ஒங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்," என்றார் அத்தை. "ஒரு தடவ சும்மா படுங்க."

மாமா அத்தையையே பார்த்தார். மற்றவர்கள் எல்லோரும் முடிந்ததும் உள்ளே போனார்.

இம்முறை ஒரு விரல் அசையவில்லை. மெஷின் நின்றது, மேசை வெளியே வந்தது, மாமா கண்ணைத் திறக்கவில்லை. "மாமே, மாமே," என்று தம்பி உலுக்கினான். அவன் முகம் வெளுத்துப்போன பிறகுதான் மாமா ஒரு கண்ணைத் திறந்து, "முடிஞ்சிச்சா?" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், அசையாமல் கிடக்க எப்படி முடிந்தது என்று மாமாவிடம் கேட்டேன்.

"எத்தன சாவு வீட்டுல அடிச்சிருக்கேன். என் அடிக்கு ஆடாத ஆளு ஒருத்தன்தான், நடுவுல படுத்திருக்கிறவன். அவன நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"வாயக் கழுவுங்க," என்று அத்தை அவர் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு அழுதார். மாமா எதையும் தட்டாமல் வந்த ஒரே பஸ் பயணம் அதுதான்.

படம் தெளிவாக வந்திருந்தது. நோய் உறையைத் தாண்டவில்லை. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. எத்தனையோ தரம் திட்டிய நான், அன்று தேத்தண்ணீரை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சாவுக்கு மாமாதான் அடிக்க வேண்டும். அதற்காக அவர் எனக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருந்தாலும் எனக்குச் சம்மதம்.